உளியும் எண்ணும்

திருகோணமலையின் பெயரைத் தாங்கி உலகிற் சென்றவை இரண்டு. ஒன்று மரம், மற்றையது கப்பல்.

மரம் சமண்டலை. சாவண்டலை என்றும் அதனை வழங்குவர், சிங்களத்தில் ஹல்மில்ல. கிழக்குக் கரைக் காடுகளில் வெட்டப்பட்டு இத்துறைமுகத்தின் வழியாக வெளியே சென்றமையால் ஆங்கில வணிகர் அதனைத் ‘திருகோணமலை மரம்’ என்றே தங்கள் கணக்கேடுகளிற் பதிந்துகொண்டனர். பாரமும் கடினமும் உடையதாயினும் எளிதிற் பிளவாத மரம் அது. பீப்பாய்ப் பலகைகளுக்கும் வண்டிகளுக்கும் மட்டுமன்றி, 19ஆம் நூற்றாண்டிற் சென்னைக் கரையின் பேரலைகளைக் கடந்து ஆளையும் பொருளையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கும் அதுவே விரும்பப்பட்டது. ஆணியின்றித் தென்னங்கயிற்றாற் பலகையோடு பலகை தைத்துக் கட்டப்பட்ட படகுகள் அவை.

கப்பலின் கதை வேறு. 1782இல் இத்துறைமுகத்தை அடுத்த கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட போர்க்கப்பல் அது. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற் தச்சர்கள் தேக்கினாற் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் அதனை நீரில் இறக்கினர். அதற்கென இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட முதல் வரைபடங்கள் ‘ஜாவா’ என்னும் கப்பலோடு 1812இன் இறுதியில் அழிந்துபோயின. அக்கப்பலை அமெரிக்கர் பிரேசிற் கரைக்கு அப்பால் வென்று எரித்துவிட்டனர். தேக்கு இருந்தது, தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்த தச்சர் இருந்தனர், எண்கள் மட்டும் கடலோடு போயின. எனவே புதிய வரைபடம் வந்து சேரும்வரை பம்பாய்த் துறை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணுக்காக மரம் காத்திருப்பது கணினி வந்த பின் தோன்றிய வழக்கம் அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அக்கப்பலின் பிற்கால வாழ்வும் மனங்கொள்ளத்தக்கது. போர்த்தொழில் ஓய்ந்த பின்னர் 1897இல் அதனை ஒருவர் வாங்கி, வேறு பெயரிட்டு, இளைஞருக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அது அவ்வாறே நின்றது. இன்று பழைய பெயரை மீண்டும் பெற்று வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கின்றது. திருகோணமலை என்னும் பெயரோடு பிறந்த அக்கப்பலில் எத்தனையோ அந்நியச் சிறுவர் கயிறும் பலகையும் பயின்றிருக்கின்றனர். அப்பெயருக்கு உரிய ஊரின் சிறுவர் எங்கே, எவரிடம் பயில்கின்றனர் என்னும் வினா அதனோடு தானே எழுகின்றது.

துறைமுகத்தை அடுத்த ஒரு பாடசாலையின் பின்புறத்தில் நீண்ட தகரக்கூரைக் கட்டடம் ஒன்று உண்டு. 1972இல் நாடளாவிய கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குக் கொணர்ந்த காலத்தில் இடப்பட்ட மரவேலை மேசைகள் சில இன்றும் அங்கே கிடக்கின்றன. ஊரின் தொழிலை ஊர்ப்பிள்ளை பாடசாலையிலேயே கற்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். நோக்கம் நன்று. ஆயின் பெற்றோர் அதனை ஐயத்தோடு நோக்கினர். மருத்துவனும் பொறியியலாளனும் ஆக வேண்டிய பிள்ளைக்கு உளி எதற்கு என்றனர். 1977இல் ஆட்சி மாறியதும் திட்டமும் மறைந்தது. மேசைகள் மட்டும் எஞ்சின. பின்னர் 2013இல் உயர் தரத்தில் தொழினுட்பப் பிரிவும், 2017இல் 13 ஆண்டுக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களும் வந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் இந்நாட்டுக் கல்வி ஒருமுறை கைத்தொழிலை நினைத்துக்கொள்கின்றது; பின் மறந்துவிடுகின்றது.

அப்பட்டறைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஓர் ஓடாவியின் மகன். கிழக்கில் ஓடாவி என்னுஞ் சொல் தச்சரைக் குறிக்கும். கரையோரத்திலோ அது முதலிற் படகு கட்டுவோரையே நினைவூட்டும். தந்தை வள்ளம் கட்டியவர். தாளில் வரையாமல், கயிறு ஒன்றும் கண் ஒன்றுமே கருவியாக வாய்ச்சியினாற் பலகையைச் செதுக்கி வளைவு கண்டவர். ஆனால் அவர் தம் மகனுக்கு அத்தொழிலைப் பழக்கவில்லை. சிறுவன் உளியைத் தொட்டால், “வை அதை, போய்ப் படி” என்பதே கட்டளை. தச்சன் மகன் என்று வகுப்பிற் பிறர் ஏளனஞ் செய்ததை அவர் அறிந்திருந்தார் போலும். தொழிலை மகனுக்கு மறைத்தலே அன்பு என்று கருதிய தந்தையர் அக்காலத்திற் பலர். மகன் படித்தான், தொழினுட்பக் கல்லூரிக்குச் சென்றான், அங்கே, அந்நியர் ஒருவரிடம், புத்தகத்தைப் பார்த்துப் பொளிகழுந்து மூட்டுக் கற்றான். தந்தை மறைத்த தொழிலை ஊரார் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கே பின்னர் அவனுக்கு அரசு சம்பளம் அளித்தது.

இதற்கிடையே தந்தையின் தொழிலும் கையை விட்டுப் போயிற்று. 1960களின் பிற்பகுதியிற் காரைநகரில் நோர்வேயரின் துணையோடு சீநோர் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டே கண்ணாடியிழைப் படகு வடகிழக்குக் கரைக்கு அறிமுகமாகி வந்தது. போர்க்காலத்திற் கடலுக்குச் செல்வதே அரிதாயிற்று. காட்டுக்குச் சென்று மரம் தேடுவது அதனினும் அரிதாயிற்று. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எஞ்சிய மரப்படகுகளையும் உடைத்த பின்னர், உதவியாக வந்து குவிந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. உதவி செய்தோரைக் குறைகூற இடமில்லை. மீனவனுக்கு அடுத்த மாதமே படகு வேண்டியிருந்தது. ஆயினும் ஓடாவியிடம் அதன்பின் எவரும் வள்ளம் கேட்டு வரவில்லை. அவர் கதவும் யன்னலும் செய்து காலங்கழித்தார்.

பாடசாலைக்குக் கணினியால் இயங்கும் மரம் வெட்டும் பொறி வந்தது பழைய மாணவர் சிலரின் அன்பளிப்பாக. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட அது பல மாதங்கள் பெட்டியிலேயே கிடந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை. பெட்டியைப் பிரித்தாற் பொறுப்பு எவருடையது என்னும் அச்சமும் இருந்தது. இந்நாட்டுப் பாடசாலைகளிற் பூட்டிய அறைக்குள் முதுமையெய்தும் கருவிகளுக்குக் குறைவில்லை. ஒரு விடுமுறையில் ஆசிரியர் தாமே பெட்டியைப் பிரித்தார்.

பார்வைக்கு அது பெரிய வியப்பன்று. ஒரு மேசை, அதன்மேல் ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் சுழல்தண்டின் நுனியில் ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள வெட்டலகு. நீளப்போக்கில் ஓர் அச்சு, அகலப்போக்கில் ஓர் அச்சு, மேலுங் கீழுமாக ஓர் அச்சு. கணினி எண்களை அனுப்புகின்றது. மூன்று மின்பொறிகள் அலகை அவ்வெண்கள் சுட்டும் புள்ளிக்கு நகர்த்துகின்றன. ‘ஜீ 1, எக்ஸ் 40, வை 25’ என்றால், நேர்கோட்டில் அவ்விடத்துக்குச் செல் என்பது பொருள். அவ்வளவே அதன் மொழி. ஹெலிகொப்ரர் விசிறி இறகின் வளைவுகளைப் பிழையின்றிப் பெற வேண்டி அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் 1940களில் முயன்ற முயற்சியில் இதன் வேர் உள்ளது. 1952இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் துளையிட்ட நாடாவினால் இயங்கும் உலோகம் வெட்டும் பொறியை இயக்கிக் காட்டிற்று. அன்று அதன் கட்டுப்பாட்டுக் கருவி வெற்றிடக் குழாய்களால் நிறைந்த பேரலுமாரியாக இருந்தது. அது மரப்பட்டறைக்கு மலிவாக இறங்கிவர நான்கு பதின்மங்கள் சென்றன. இறக்கியவர்களுள் ஒருவரான ரெட் ஹோல், வட கரோலினாவில் நரம்பியல் ஆய்வாளராக இருந்தவர். ஒட்டுப்பலகைப் படகு கட்டும் ஆசையினாற் பலகை வெட்ட ஒரு பொறி தேடி, விலை தாங்காமல் தாமே ஒன்றை ஆக்கி, 1990களில் அதனை விற்பனைக்குங் கொணர்ந்தார். படகு கட்டும் ஆசை இவ்வூருக்குப் புதிதன்று.

பாடசாலைப் பிள்ளைகளிடம் இத்தகைய கருவிகளைத் துணிந்து கொடுத்த இடம் அயலிலும் உண்டு. மகாராட்டிரத்தின் பாபல் கிராமத்தில் கல்பாக் என்னும் விஞ்ஞானி 1983இல் நிறுவிய விஞ்ஞான் ஆசிரமம், செய்து கற்றலைக் கிராமத்து மாணவருக்குரிய கல்வியாக்கிற்று. எண்ணால் இயங்கும் கருவிகளைக் கொண்ட செய்பட்டறைகளை மாசச்சூசெற்ஸ் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைக்க முற்பட்ட தொடக்கத்தில், 2002 அளவிலேயே, தேர்ந்த இடங்களுள் அக்கிராமமும் ஒன்று. நகரத்துப் பிள்ளைக்கே கணினி என்ற எண்ணம் அங்கே செல்லவில்லை.

திருகோணமலைப் பட்டறையில் ஆசிரியர் எடுத்த முதல் முடிவு மாணவருக்கு உவப்பாயிருக்கவில்லை. முதற் தவணை முழுவதும் பொறியின்மேற் போர்த்திய துணியை அவர் அகற்றவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முதிரைத் துண்டும் ஒரு தேக்குத் துண்டும் கொடுத்தார். சீவுளி பிடித்துச் சமப்படுத்த வேண்டும்; மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தேக்கு இசைந்து கொடுத்தது. முதிரையோ நார் குறுக்கும் மறுக்குமாய் ஓடுவதனாற் சீவுளியைத் தடுத்தது. ஒரு புறமிருந்து தள்ளினாற் பளபளக்கும், மறுபுறமிருந்து தள்ளினாற் பிய்ந்து எழும். “சேர், மெசின் இருக்கக்குள்ள இது என்னத்துக்கு?” என்று பையன் ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானதே. ஆசிரியர் விடை சொல்லாமல் பிய்ந்த பலகையை அவன் கையிற் கொடுத்து, எந்தப் பக்கமிருந்து தள்ளினாய் என்று மட்டும் கேட்டார்.

இரண்டாந் தவணையிற் பொறி திறக்கப்பட்டது, அதுவும் அலகோடன்று. அலகின் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, மேசையிற் கடதாசி விரித்து, எண்களால் வரையச் செய்தார். அங்கேதான் எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது. கரையோரத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் கணிதத்தில் எப்போதும் கடைசி. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிடுவதென்று வீட்டிலும் முடிவாகியிருந்தது. சுழியத்துக்குக் கீழேயும் எண் உண்டென்பதை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. இல்லாததிலும் குறைந்தது எப்படி இருக்கும் என்பது அவன் வாதம். பின்னர் அலகு பூட்டிய நாளில், பலகையின் மேற்பரப்பே சுழியம் என்று பொறிக்குச் சொல்லப்பட்டது. அவன் தன் கையால் ‘சய மூன்று’ என்று இட்டான். அலகு மரத்துள் மூன்று மில்லிமீற்றர் இறங்கிற்று. அவன் விரலை அப்பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். அவன் அன்று யாதும் கூறவில்லை. ஆயினும் அடுத்த வாரம் திசைகொண்ட எண்களைப் பற்றிய கணக்குகளை வேறொருவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் இவ்வாறே இனிது நடந்தது என்று கொள்ளலாகாது. சுழியத்தைப் பிழையாக வைத்ததால் ஒருநாள் அலகு பலகையைத் துளைத்து மேசையையே உழுதது. பலகையை இறுகப் பிணைக்காத மற்றொரு நாளில் அது பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதிற்று. கண்ணாடி அணிந்திருந்தமையால் எவர் கண்ணுக்கும் தீங்கில்லை. அலகுகள் முறிந்தன, கொழும்பிலிருந்து வருவிக்க வேண்டும். 2022இன் நெருக்கடியில் மின்வெட்டு ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது பொறி மீண்டும் துணிக்குள் உறங்கிற்று. அந்நாட்களில் உளியும் சீவுளியுமே பாடத்தை நடத்தின. தமிழெழுத்தும் ஒரு தொல்லை. மாணவர் முதலில் வெட்ட விரும்புவது தத்தம் பெயரையே. வரைதல் மென்பொருளோ தமிழறியாது; ‘கொ’ என்று அடித்தாற் கொம்பை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் சிதறடித்தது. எழுத்தை எழுத்தாக அன்றிப் படமாக மாற்றிக் கொடுத்த பின்னரே அது பணிந்தது. ‘ழ’கரத்தின் வளைவு முதிரையில் முதன்முதல் பிழையின்றி விழுந்தபோது பட்டறையே கைதட்டிற்று.

பெயர்ப்பலகை செதுக்குவது விளையாட்டு. உண்மையான பாடம் மூட்டில் இருந்தது. பொளியைப் பொறி வெட்டட்டும், கழுந்தைக் கையால் அறுக்க வேண்டும் என்று ஆசிரியர் பணித்தார். பொளி நேர்த்தியாக வந்தது. ஆழம் சரி, நீளம் சரி, கைவேலையிற் காணாத ஒழுங்கு. கழுந்தோ உள்ளே செல்ல மறுத்தது. மாணவர் அளந்தனர், அளவில் பிழையில்லை. மீண்டும் அளந்தனர். நெடுநேரத்தின் பின் ஒரு மாணவிதான் கண்டாள்: பொளியின் நான்கு மூலைகளும் வளைந்திருந்தன. சுழலும் அலகு வட்டமானது. வட்டத்தால் உள்மூலையைச் சதுரமாக வெட்ட இயலாது. ஆறு மில்லிமீற்றர் அலகு மூன்று மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவை விட்டே செல்லும். எவ்வளவு விலையுயர்ந்த பொறியாயினும், எத்தனை எண்களை ஊட்டினும், இது மாறாது. தொழிற்சாலைகள் மூலையிற் சற்று மேலதிகமாகக் குடைந்து இதனை மறைக்கும். அல்லது கழுந்தை உருட்டிவிடும். ஆசிரியர் வேறு வழி காட்டினார். மேசையடியிலிருந்து உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து அம்மாணவியிடம் நீட்டினார். முதற் தவணையில் முணுமுணுத்தவர்கள் அன்று முணுமுணுக்கவில்லை.

இவ்வூரில் எண்ணையும் மரத்தையும் ஒருங்கே அறிந்த பெரியார் ஒருவர் முன்னர் வாழ்ந்திருக்கின்றார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், துறவு பூணுமுன்னர் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவர். 1920களின் பிற்பகுதியில் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்க அவர் கையாண்ட வழி புலவர் வழி மட்டுமன்று. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, வடிவை வரைந்து, வரைந்ததை மரத்திற் சமைப்பிக்கும் கணிதன் வழியுமாகும். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அதற்கடுத்த மாதமே அவர் மறைந்தார். எண்ணிலிருந்து மரத்துக்குச் செல்லும் பாதையில் அவர் தனியராகச் செல்லவில்லை. அவர் கணக்கை மரத்தில் ஏற்றிய கைவினைஞரும் உடன் சென்றனர். கணக்கறிந்தவரும் மரமறிந்தவரும் இரு வேறு மனிதராக இருந்தனர் என்பதும், அறிந்தோர் நினைவில் கணக்கறிந்தவர் பெயரே நின்றது என்பதும் எண்ணத்தக்கன. பட்டறையிற் பயிலும் பிள்ளை இருவராகவும் இருத்தல் கூடும். இக்கருவியாற் கிடைக்கும் பெரும் பேறு அதுவே எனலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நகரத் தளபாடக் கடைகளில் இன்று கதவுப்பூவேலையைப் பொறியே செய்கின்றது. ஒரே தாமரை, ஒரே மயில், நூறு கதவுகளில். கையாற் செதுக்கி வாழ்ந்தோர் வேலையிழக்கின்றனர். பாடசாலைப் பையன் கற்பதும் அதே பொறியைத்தான். அவனுக்குக் கிடைக்கும் வேலை வேறொருவர் இழந்த வேலையாகவும் இருக்கலாம். இதற்கு ஆசிரியரிடம் விடையில்லை. விடை உண்டென்று அவர் நடித்ததுமில்லை. குலத்தின் பூட்டுக்குள் இருந்த தொழில் எவர் வீட்டுப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், திறந்துவிடப்பட்டது என்பது மட்டும் ஒரு தட்டில் இருந்தது. மற்றத் தட்டில் இருந்தவர் அவருடைய தந்தை.

முதியவர் பட்டறைக்கு வந்ததில்லை. மகன் அழைத்ததுமில்லை, இருவரிடையே தொழிலைப் பற்றிய பேச்சே நெடுங்காலம் இருக்கவில்லை. ஒருநாள் மதிய உணவு கொடுத்துவிட வந்தவர் வாயிலில் நின்றுவிட்டார். உள்ளே பொறி ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். திரையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. முதியவர் திரையைப் பார்க்கவில்லை. சற்று நேரம் காதுகொடுத்து நின்று, “சத்தம் பிழை, தம்பி. அலகு மழுங்கிப்போச்சு” என்றார். பின் கீழே குனிந்து மரத்தூளை இரு விரல்களால் உரசிப் பார்த்தார். கூரிய அலகு சிறு சீவல்களாகக் கழிக்கும்; மழுங்கியது மாவாக அரைத்து மரத்தைக் கருக்கும். அவர் விரலிற் படிந்தது மா. மெல்லிய கருகல் மணமும் இருந்தது. ஆசிரியர் பொறியை நிறுத்தி அலகைக் கழற்றினார். விளிம்பு உருண்டிருந்தது.

அதன்பின் அவர் சில நாட்கள் வந்தார். பின் பல நாட்கள் வந்தார். மாணவர் அவரை ஐயா என்றனர். பலகையை மேசையில் வைக்கும் முன் அவரிடம் காட்டும் வழக்கம் தானாகவே ஏற்பட்டது. அவர் உள்ளங்கையாற் தடவி, நார் ஓடும் திசைக்குச் சுண்ணக்கட்டியால் ஓர் அம்பு கீறுவார். அவ்வம்பைப் பார்த்து மாணவர் அலகு செல்லும் பாதையைக் கணினியில் மாற்றுவர். அவர் அம்பு கீறிய பலகைகளின் ஓரங்கள் பிய்வது குறைந்தது. தாம் எவருக்கும் பழக்கவில்லை என்று எண்ணியிருந்த தொழிலை அவர் இவ்வாறு, தமக்கே தெரியாமல், பழக்கத் தொடங்கினார். மகன் அருகில் நின்று மற்றவர்களோடு தானும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் இவற்றைத் தந்தையின் வாயிலிருந்து முதன்முறையாகவே கேட்டார்.

படகு கட்டுவோம் என்று முதலிற் சொன்னது முதியவரல்லர்; கணிதத்திற் கடைசியாக இருந்த அந்தப் பையன். எட்டடி நீளமுள்ள சிறு வள்ளம் ஒன்று. ஒட்டுப்பலகையைக் கணக்கிட்ட வடிவில் வெட்டி, ஓரங்களிற் துளையிட்டு, செப்புக் கம்பியாற் தைத்து, தையலின்மேற் கண்ணாடியிழை நாடாவும் பசையும் இட்டு இறுக்கும் முறை 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ‘மிறர்’ என்னும் சிறுபடகினாற் பரவியது. வீட்டு முற்றத்திலேயே எவரும் கட்டலாம் என்பது அதன் சிறப்பு. வளைந்த படகின் புறத்தைத் தட்டையாக விரித்தால் வரும் வடிவே எண்களாகப் பொறிக்குச் செல்லும். மேசை சிறிதாகையால் ஒவ்வொரு பலகையையும் இரண்டாக வெட்டிப் பொருத்த வேண்டியிருந்தது. கம்பியாற் தைப்பதை முதியவர் வியப்போடு பார்த்தார். தமது முன்னோர் கயிற்றாற் தைத்த கதையைத் தாம் சிறுவயதிற் கேட்டதுண்டு என்றார். சமண்டலையை அந்நிய மண்ணிற் தைத்த படகுகளைப் பற்றி ஆசிரியர் பின்னர் வகுப்பிற் சொன்னார்.

திறந்த பலகைகள் ஒன்றையொன்று நெருங்கி, கம்பி முறுக்க முறுக்க எழுந்து, தாமாகவே வள்ளத்தின் வடிவை எய்தின. முதியவர் ஒரு முனையில் நின்று ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். அணியத்தில் ஓரிடம் சற்றுப் புடைத்திருப்பதாகச் சொன்னார். அளந்தபோது ஒரு பக்கம் நான்கு மில்லிமீற்றர் வேறுபட்டது. எண்களிற் பிழையில்லை; அங்கே கம்பி மற்றைப் பக்கத்தினும் இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தது.

குறுக்கு இருக்கைப் பலகை மட்டும் ஒட்டுப்பலகையன்று, முழு மரம். கச்சான் காற்று உலர்த்தும் ஓகஸ்ட் மாதத்தில் மாணவி அதன் அகலத்தை அளந்து 200 மில்லிமீற்றர் என்று கொப்பியில் எழுதினாள். அது சென்று அமரும் பொளி அந்த எண்ணுக்கே வெட்டப்பட்டது. வளைந்த மூலைகளை அவளே உளியாற் சதுரமாக்கினாள். பலகை தட்டாமல் உள்ளே சென்று நின்றது, எல்லோரும் மகிழ்ந்தனர். பரீட்சையும் விடுமுறையும் இடையில் வந்தமையால் வேலை நின்றது. வண்ணம் பூசப்படாத இருக்கையைக் கழற்றிச் சுவரிற் சாய்த்துவைத்திருந்தனர். திசெம்பரில், வாடைக்காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில், அதனை எடுத்து மீண்டும் பொருத்த முயன்றபோது அது உள்ளே செல்லவில்லை.

பொறி மாறவில்லை, எண் மாறவில்லை. மாணவி அளந்தாள். 202. சீவுளியை எடுக்கப்போன பையனை முதியவர் தடுத்தார். இப்போது சீவினாற் கச்சானில் ஆடும் என்றார். மரம் மழைக்குப் பருக்கும், வெயிலுக்குச் சுருங்கும். அகலத்தில்தான், நீளத்தில் அன்று. வள்ளம் கட்டிய காலத்தில் அவர் எந்த மாதத்தில் அறுத்த பலகை என்று கேட்டே இடைவெளி விடுவாராம். எவ்வளவு விடுவீர்கள் ஐயா என்று மாணவி கேட்டாள். ஒரு நெல்மணி என்று அவர் சொன்னார். எந்த நெல் என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டு கேட்க, முதியவரும் சிரித்தார். மாணவி கொப்பியை விரித்தாள். ஓகஸ்டில் எழுதிய எண்ணை வெட்டவில்லை. அதன்மேற் ‘கச்சான்’ என்று எழுதி, பக்கத்திற் கோடொன்று கீறி, ‘மாரி’ என்று தலைப்பிட்டு, இரண்டாவது எண்ணை எழுதினாள்.